நீதிமன்றத்துக்குப் போனவள்

லூக்கா நற்செய்தியின் பதினெட்டாம் அதிகாரத்தில் வரும் விதவையைத் தெரியாதவர்கள் நம் சபைகளின் பெண்கள் ஐக்கியங்களில் இருக்க முடியாது. உபவாசக் கூட்டமோ மாதக் கூட்டமோ, சோர்ந்துபோகாமல் ஜெபிக்க வேண்டும் என்று சொல்ல வந்தால் முதலில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஓர் ஊரில் ஒரு நீதிபதி. கடவுளுக்குப் பயப்படாதவன், மனிதரை மதிக்காதவன். அதே ஊரில் ஒரு விதவை. தன் எதிராளியின் கையிலிருந்து தனக்கு நியாயம் வாங்கித் தரும்படி அவனிடம் திரும்பத் திரும்பப் போகிறாள். வெகுநாள் அசையாதவன், இவள் தொல்லை தாங்க முடியவில்லை, தீர்ப்பைச் சொல்லிவிடுவோம் என்று கடைசியில் இறங்கி வருகிறான். இப்படிப்பட்டவனே நியாயம் செய்வான் என்றால் கடவுள் செய்யமாட்டாரா என்று உவமை முடிகிறது. ஆகவே சகோதரிகளே, முழங்காலில் நில்லுங்கள் என்று பிரசங்கம் முடிகிறது.

இந்த இரண்டு முடிவுகளுக்கும் நடுவில் ஒரு பெண் காணாமல் போகிறாள். அந்த விதவை கதையில் ஓரிடத்திலும் முழங்காலில் நிற்கவில்லை. அவள் நடக்கிறாள். விரட்டினால் போய்விட்டு மறுபடியும் வருகிறாள். அவளுக்காகப் பேச ஓர் ஆண் கூட வந்ததாகக் கதையில் இல்லை. கையூட்டுக் கொடுக்க அவளிடம் பணம் இருந்ததாகவும் இல்லை. கால்களும் குரலும் மட்டும் இருந்தன.

இது ஜெபத்தைப் பற்றிய உவமை என்று லூக்காவே முதல் வசனத்தில் சொல்லிவிடுகிறார். அதை நாம் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் உவமை என்பது தெரிந்த ஒன்றைக் காட்டித் தெரியாத ஒன்றை விளக்குவது. இங்கே தெரிந்தது எது? ஒரு பெண் தன் வழக்கை விடாமல் நடத்துவது. ஜெபம் எப்படி இருக்க வேண்டும் என்பதை அவளைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள் என்பதுதான் கதையின் போக்கு. பிரசங்கம் அதைத் தலைகீழாக்கிவிட்டது. வழக்கு நடத்துகிறவளைப் போல ஜெபி என்று சொன்ன கதை, வழக்கு நடத்தாதே, ஜெபி என்று ஆகிவிட்டது.

மொழிபெயர்ப்புக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. இவள் தன்னை என்ன செய்துவிடுவாள் என்று நீதிபதி பயப்படுகிறானோ, அதைச் சொல்லும் கிரேக்க வினைச்சொல் குத்துச்சண்டைக் களத்திலிருந்து வந்தது. கண்ணுக்குக் கீழே குத்திக் கன்றிப்போகச் செய்வது என்பது அதன் நேர்ப்பொருள். பவுல் தன் உடலை அடக்குவதைப் பற்றி கொரிந்தியருக்கு எழுதும்போது இதே சொல்லைத்தான் எடுக்கிறார். நம்முடைய பழைய வேதாகமத்தில் அது 'அலட்டுதல்' ஆகியிருக்கிறது. அலட்டுவது என்றால் வீட்டில் பெண்கள் நச்சரிப்பது என்றுதான் காதில் விழும். அதிகாரத்தில் இருப்பவனின் முகம் கன்றிப்போகும் என்ற பயத்தின் இடத்தில் ஒரு வாயாடியின் தொல்லை வந்து உட்கார்ந்துகொள்கிறது. கேட்கிற பெண்களும் சிரிக்கிறார்கள்.

ஜெபமா, முயற்சியா? இரண்டையும் எப்படிச் சமமாக வைத்துக்கொள்வது? கிறிஸ்தவப் பெண்களிடம் ஓயாமல் கேட்கப்படும் கேள்வி இது. பெண்கள் ஜெபித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும் கூட்டம் என்பது போலவும், அவர்களை யாராவது எழுப்பி வேலை செய்ய வைக்க வேண்டும் என்பது போலவும் அந்தக் கேள்வி ஒலிக்கிறது. நடப்பு வேறு. சமைக்க வேண்டாம், ஜெபித்தால் போதும் என்று எந்தப் போதகரும் எந்தப் பெண்ணிடமும் சொன்னதில்லை. தண்ணீர் எடுக்காதே, பீடி சுற்றாதே, தையல் மிஷினை மிதிக்காதே, கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று சொன்னதில்லை. மாமியாருக்கு மருந்து கொடுக்கும் வேலையை ஜெபத்திடம் ஒப்படைக்கச் சொன்னதில்லை. வீட்டை ஓட்டுகிற உழைப்பு முழுவதும் அப்படியே நடக்க வேண்டும்.

ஜெபம் வந்து குறுக்கே நிற்பது இன்னொரு வகை முயற்சியின் முன்னால்தான். மகளிர் காவல் நிலையத்துக்குப் போகாதே, ஜெபி. அண்ணனிடம் சொத்தில் பங்கு கேட்காதே, ஜெபி. குடித்துவிட்டு அடிக்கிற கணவனைப் பற்றி வெளியே பேசாதே, அவன் இரட்சிப்புக்காக ஜெபி. உழைக்கிற முயற்சிக்குத் தடை இல்லை. கேட்கிற முயற்சிக்குத்தான் தடை. 'சமநிலை' என்ற சொல் இந்த வேறுபாட்டை மூடி மறைத்துவிடுகிறது. முயற்சி என்ற ஒரே சொல்லுக்குள் பாத்திரம் கழுவுவதையும் மனு எழுதுவதையும் சேர்த்துப் போட்டுவிட்டால், உனக்கு என்ன குறைச்சல், நீதான் நாள் முழுக்க முயற்சி செய்கிறாயே என்று சொல்லிவிடலாம்.

இதே சபை மற்ற விஷயங்களில் ஒருநாளும் இப்படி நடந்துகொண்டதில்லை என்பதையும் பார்க்க வேண்டும். வேலூர் மருத்துவமனையின் கதையை ஞாயிறு பள்ளியில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீடுகளிலிருந்து ஆட்கள் வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் மனைவிக்கு உதவ ஓர் இளம்பெண்ணை அழைக்கிறார்கள். அவள் மருத்துவர் இல்லை. மருத்துவரான அவளுடைய தகப்பனார் வருவதற்கு அவர்கள் சம்மதிக்கவில்லை, ஏனென்றால் அவர் ஆண். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துவிடுகிறார்கள். ஐடா ஸ்கடர் அந்த இரவெல்லாம் ஜெபித்தார் என்பதோடு கதையை யாரும் நிறுத்துவதில்லை. அவர் அமெரிக்கா போய் மருத்துவம் படித்து 1900இல் திரும்பி வந்தார் என்பதுதான் கதை. புற்றுநோய் வந்தால் ஜெபமும் வேண்டும், கீமோவும் வேண்டும். மகனின் தேர்வுக்கு ஜெபமும் உண்டு, கோச்சிங் சென்டரும் உண்டு. இங்கெல்லாம் இரண்டும் சண்டை போடாமல் போகின்றன. மருமகள் அடி வாங்கும் வீட்டில் மட்டும், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நெருக்கடி எங்கிருந்தோ வந்துவிடுகிறது.

மார்த்தாள், மரியாள் கதையும் இந்த நெருக்கடிக்கு உதவுகிறது. வேலையில் தவித்த மார்த்தாள் கடிந்துகொள்ளப்பட்டாள், காலடியில் உட்கார்ந்து கேட்ட மரியாள் நல்ல பங்கைத் தெரிந்துகொண்டாள் என்று பிரசங்கம் செய்வார்கள். ஜெபக்கூட்டத்துக்கு வராதவள் மார்த்தாள். அதே வாரம் ஆண்டுவிழாச் சாப்பாட்டுக்குக் காய்கறி நறுக்க ஆள் தேவைப்பட்டால், மார்த்தாளைப் போல ஊழியம் செய்யும் சகோதரிகள் தேவை! எலிசபெத் ஷூஸ்லர் ஃபியோரென்சா இந்தக் கதையை வாசித்த விதம் இங்கே நினைவுக்கு வருகிறது. மார்த்தாளின் வேலையைக் குறிக்க லூக்கா கையாளும் சொல், ஆதிச் சபையில் திருப்பணிக்கு வழங்கிய சொல்தான். ஆகவே இது அடுப்படிக்கும் தியானத்துக்குமான போட்டி மட்டும் இல்லை. சபையில் பெண்கள் செய்த தலைமைப் பணியைக் குறித்து எழுந்த தகராறின் தடயம் என்கிறார் அவர். நல்ல பங்கு பெற்ற மரியாள் அந்தக் கதையில் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை என்பதையும் கவனியுங்கள். பேசுகிறவள் மார்த்தாள். யோவான் நற்செய்தியில், தம்பி இறந்த துக்கத்தில் ஊருக்கு வெளியே போய் இயேசுவை எதிர்கொண்டு, நீர் ஏன் இங்கே இருக்கவில்லை என்று கேட்பவளும் அவள்தான். அதே பேச்சில், நீரே கிறிஸ்து என்ற அறிக்கையையும் செய்கிறாள். பேதுரு செய்த அறிக்கைக்குச் சமமானது அது. பேதுருவின் பெயரில் எத்தனை பேராலயங்கள் என்று எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

மார்த்தா என்ற பெயரோடு நாகர்கோவிலுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. மிஷனரி மால்ட்டின் மனைவி மார்த்தா, 1820களில் அங்கே பெண்பிள்ளைகளின் விடுதிப் பள்ளியில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி இருந்த காலம். அடிமைக் குடும்பங்களில் பிறந்த பெண்பிள்ளைகள் லேஸ் விற்ற காசைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கினார்கள். அந்தப் பள்ளியில் காலையும் மாலையும் ஜெபம் இருந்திருக்கும். அடக்கமான கிறிஸ்தவ மனைவிகளை உருவாக்கும் நோக்கமும் இருந்தது. அதையெல்லாம் விமர்சிக்கலாம், விமர்சிக்கவும் வேண்டும். ஆனாலும் விரலில் நூல் ஓடிய முயற்சி அங்கே வீட்டை ஓட்டுவதோடு நின்றுவிடவில்லை. எஜமானிடம் போய் விலை என்ன என்று கேட்கும் இடம் வரை அது போனது.

இனி சட்டத்துக்கு வருவோம். 'ஜெபித்துப் பொறுத்துக்கொள்' என்ற ஆலோசனையை நாம் வெறும் பக்தியின் கோளாறாகப் பார்த்துப் பழகிவிட்டோம். அதற்குப் பின்னால் வெகுகாலம் சட்டம் நின்றது. 1869ஆம் ஆண்டின் இந்திய விவாகரத்துச் சட்டம்தான் இந்தியக் கிறிஸ்தவர்களுக்குப் பொருந்திய சட்டம். அதன்படி, மனைவி வேறொருவரோடு உறவு வைத்திருக்கிறாள் என்று நிரூபித்தால் கணவனுக்கு விவாகரத்து கிடைக்கும். மனைவிக்கு அது போதாது. கணவனின் பிறன்மனை உறவோடு கொடுமையையோ, இரண்டு ஆண்டுகளாகக் கைவிட்டதையோ சேர்த்து நிரூபிக்க வேண்டும். அடி மட்டும் வாங்கினால்? சட்டப்படி பிரிந்து வாழ உத்தரவு வாங்கலாம், திருமணம் முறியாது. 1995இல் கேரள உயர் நீதிமன்றம் இந்தப் பிரிவில் கை வைத்தது. நாடாளுமன்றம் திருத்தம் கொண்டுவந்தது 2001இல். நூற்று முப்பத்திரண்டு ஆண்டுகள். நம் பாட்டிகளின் முழுக் காலமும் நம் அம்மாக்களின் பெரும்பகுதிக் காலமும் அதற்குள் அடங்கிவிடும். போதகர் 'ஜெபியுங்கள் அம்மா' என்று சொன்னபோது, ஒருவகையில் அவர் உண்மையைத்தான் சொன்னார். விட்டு வெளியேற வேறு கதவு திறந்திருக்கவில்லை. நான் கேட்பது, 2001க்குப் பிறகும் அதே வார்த்தைகள் மாறாமல் இருப்பது ஏன் என்பதைத்தான். கதவு திறந்த செய்தியை எத்தனை பெண்கள் ஐக்கியங்களில் அறிவித்தார்கள்? குடும்ப வன்முறையிலிருந்து பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றி ஒரு தியான வேளையாவது நடந்ததா?

சொத்து விஷயம் இதைவிடக் கூர்மையானது. திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் 1916இல் வந்தது. உயில் எழுதாமல் தகப்பன் இறந்தால், மகனுடைய பங்கில் நாலில் ஒன்று அல்லது ஐயாயிரம் ரூபாய், இவற்றில் எது குறைவோ அது மகளுக்கு. சீதனம் கொடுத்திருந்தால், அல்லது கொடுப்பதாகச் சொல்லியிருந்தால்கூட, அதுவும் இல்லை. விதவைக்கு ஆயுள் வரை அனுபவிக்கும் உரிமை மட்டும். மறுமணம் செய்தால் அதுவும் போகும். இன்றைய கன்னியாகுமரி மாவட்டமும் 1956 வரை அந்த நாட்டில்தான் இருந்தது என்பதால், இது பக்கத்து மாநிலத்துக் கதை என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. மேரி ராய் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். கணவனைப் பிரிந்து இரண்டு பிள்ளைகளோடு ஊட்டியில் தகப்பனாரின் வீட்டில் தங்கியிருந்தபோது, மகளுக்கு உரிமை இல்லை என்று வெளியேறச் சொல்லப்பட்டவர் அவர். 1986 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. 1951லேயே அந்தத் திருவிதாங்கூர்ச் சட்டம் செல்லாததாகிவிட்டது, இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும், அதன்படி மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு என்றது நீதிமன்றம். கேரளத்தின் சபைகள் கொண்டாடவில்லை. குடும்பங்கள் உடைந்துபோகும் என்ற அச்சம்தான் அங்கே பேசப்பட்டது. உயில் எழுதி மகள்களை விலக்கிவிடும் வழியும் பிரபலமானது.

அந்தச் சபைகளின் வேதாகமத்தில் எண்ணாகமம் இருபத்தேழாம் அதிகாரம் இல்லையா என்று கேட்கத் தோன்றுகிறது. செலோப்பியாத்துக்கு மகன் இல்லை, ஐந்து மகள்கள். மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள். (வேதாகமத்தில் பெண்களின் பெயர்கள் விடுபடாமல் வரிசையாக வருவது அபூர்வம், அதனால் எழுதிவைக்கிறேன்.) இவர்கள் ஆசரிப்புக் கூடார வாசலில் மோசேயின் முன்பும் ஆசாரியன் முன்பும் பிரபுக்கள் முன்பும் சபையார் எல்லார் முன்பும் வந்து நின்று, எங்களுக்குக் காணி கொடுங்கள் என்று கேட்கிறார்கள். கவனியுங்கள், அவர்கள் மோசேயை ஜெபிக்கச் சொல்லவில்லை. தங்கள் கோரிக்கையை வைக்கிறார்கள். மோசேதான் அதைக் கடவுளிடம் கொண்டுபோகிறார். அவர்கள் சொல்வது சரிதான் என்று பதில் வருகிறது. ஜெபமும் முயற்சியும் இங்கே எந்த வரிசையில் நிற்கின்றன என்று பாருங்கள். பெண்கள் கேட்டார்கள், அதனால் தலைவன் ஜெபித்தான். நம்மூரிலோ பெண்கள் ஜெபிக்க வேண்டும், தலைவர்கள் முடிவு செய்வார்கள்.

அந்த வெற்றியும் முழு வெற்றி இல்லை. கடைசி அதிகாரத்தில் குலத்து ஆண்கள் வந்து, இவர்கள் வேறு கோத்திரத்தில் மணம் செய்தால் நிலம் போய்விடுமே என்று முறையிட, சொந்தக் கோத்திரத்துக்குள்ளேயே மணம் செய்ய வேண்டும் என்ற நிபந்தனை சேர்கிறது. பிறகு யோசுவாவின் காலத்தில் நிலம் பங்கிடும்போது அந்தப் பெண்கள் மறுபடியும் வந்து, எங்களுக்குக் கொடுக்கச் சொல்லிக் கட்டளை இருக்கிறதே என்று நினைவூட்ட வேண்டியிருக்கிறது. கடவுளே தீர்ப்புச் சொன்ன வழக்கிலும் பெண்கள் இரண்டாம் முறை அலுவலகம் ஏற வேண்டியிருந்தது! மேரி ராயும் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு தன் பங்கைக் கையில் வாங்கப் பல ஆண்டுகள் கீழ்நீதிமன்றங்களுக்கு நடந்தார்.

இந்த நடைகள் எல்லாம் நம் சாட்சிகளில் எங்கே போகின்றன? சாட்சி சொல்வது பெண்கள் ஐக்கியங்களின் முக்கியமான இலக்கிய வடிவம் என்றே சொல்வேன். கவிதை எழுதாத, கதை எழுதாத பெண்கள் பலர் முன்னால் தங்கள் வாழ்க்கையைச் சொல்ல எழுந்து நிற்கும் ஒரே இடம் அது. அதற்கு ஒரு கட்டமைப்பு இருக்கிறது. முதலில் கஷ்டம், பிறகு, ஜெபித்தேன், பிறகு, கர்த்தர் அற்புதம் செய்தார். நடுவில் நடந்ததற்கு அந்த வடிவத்தில் இடமில்லை. மகளின் கல்லூரிக் கட்டணத்தைக் கர்த்தர் ஏற்பாடு செய்தார் என்று ஒரு பெண் சொல்கிறாள். சங்கிலியை அடகு வைத்தது, குழுக் கடனுக்கு ஐந்து பேரைச் சேர்த்தது, வங்கி மேலாளர் இன்று போய் நாளை வா என்றபோது நாளையும் போனது, அடுத்த வீட்டு அக்கா இரண்டாயிரம் கொடுத்தது, ஒன்றும் வராது. கர்த்தருக்கு மகிமை என்பதில் எழுவாய் ஒருவர்தான். அவள் தன் வாக்கியத்திலிருந்தே வெளியேறிவிடுகிறாள்.

இது தாழ்மை என்பார்கள். ஆனால் ஆண்கள் சொல்லும் சாட்சிகளைக் கேட்டுப் பாருங்கள். தொழில் தொடங்கியது, நஷ்டம் வந்தது, யாரைச் சந்தித்தது, என்ன திட்டம் போட்டது என்று நெடுங்கதை ஓடும். மகிமை கடைசி வரியில் வரும். தாழ்மையும் பாலினப்படி பங்கிடப்பட்டிருக்கிறது. இதில் நட்டம் அவளுடைய பெருமைக்கு மட்டும் இல்லை. பின்வரிசையில் உட்கார்ந்து கேட்கும் இளம்பெண்ணுக்கு, எந்த வங்கிக்குப் போவது, எந்தத் தாளை எடுத்துப் போவது, எத்தனை தடவை போனால் நடக்கும் என்ற அறிவு போய்ச் சேருவதில்லை. அற்புதம் நடந்தது என்று தெரிகிறது, வழி தெரியவில்லை.

எலிசாவிடம் வந்த விதவையின் கதை இந்த விஷயத்தில் எவ்வளவு விவரமாக இருக்கிறது! கடன் கொடுத்தவன் அவளுடைய இரண்டு மகன்களை அடிமைகளாகக் கொண்டுபோக வருகிறான். தீர்க்கதரிசி முதலில் கேட்பது, வீட்டில் உன்னிடம் என்ன இருக்கிறது என்று. ஒரு குடம் எண்ணெய். போய் அண்டை வீட்டாரிடம் பாத்திரங்களைக் கேட்டு வாங்கு, கொஞ்சமாக வாங்காதே என்கிறார். எண்ணெய் பெருகிய பிறகு, விற்றுக் கடனை அடைத்துவிட்டு மீதியில் பிழைத்துக்கொள்ளுங்கள் என்கிறார். இருப்பு, கடன், விற்பனை, மிச்சம் என்று எல்லாக் கணக்கும் உள்ளே இருக்கிறது. அண்டை வீட்டுப் பெண்கள் கொடுத்த பாத்திரங்களின் அளவுதான் அற்புதத்தின் அளவு. பாத்திரம் தீர்ந்தபோது எண்ணெய் நின்றது. இதைச் சாட்சி வடிவத்தில் சொன்னால், கர்த்தர் என் கடனை அடைத்தார் என்ற ஒரே வரிதான் மிஞ்சும்.

பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தபோது அதைத் தலித் தன்வரலாறாக வாசித்தோம். அது சரியான வாசிப்புதான். ஜெபத்தைப் பற்றிய நூலாகவும் அதை வாசிக்க முடியும். பூசை, பாவசங்கீர்த்தனம், செபம் என்று ஊரில் சிறுமிக்குக் கற்றுக்கொடுக்கப்பட்ட பக்தியில் பயமே அதிகம். பிறகு அவளே கன்னியர் மடத்தில் சேர்ந்து, எளியவர்களுக்கு உழைக்கலாம் என்று நம்பி, ஏழைகளின் வாழ்க்கையிலிருந்து மதில் எழுப்பிக்கொண்ட ஒரு வசதிக்குள் செபங்கள் வேளை தவறாமல் நடப்பதைக் கண்டு வெளியேறுகிறாள். அந்த நூலில் கேலி செய்யப்படுவது வேண்டுதல் இல்லை. வேண்டிக்கொண்டே எதையும் தொடாமல் இருக்க முடிகிற வசதிதான். மறுபக்கம், விடியுமுன் எழுந்து வேலைக்குப் போகும் பாட்டியின் பக்திக்கு அந்த வசதி கிடையாது. ஜெபமா முயற்சியா என்ற விவாதத்தில் சாதியை விட்டுவிட்டுப் பேசினால், யாருடைய ஓய்வில் யார் ஜெபிக்கிறார்கள் என்ற கணக்கு விட்டுப்போகும்.

ஜெபத்தை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவரவில்லை. சொன்னாலும் யாரும் கேட்கப்போவதில்லை, கேட்க வேண்டியதும் இல்லை. நம் ஊர்களில் பெண் ஒருத்தி காரணம் சொல்லாமல் சினிமாவுக்குப் போக முடியாது, தோழி வீட்டுக்குப் போக முடியாது. வெள்ளிக்கிழமை ஜெபத்துக்குப் போகிறேன் என்றால் மாமியாரும் தடுக்க முடியாது. அந்த இரண்டு மணி நேரத்தில் அவள் சத்தமாக அழலாம். வீட்டில் சத்தமாக அழ முடியாது. ஜெபவிண்ணப்பம் என்ற பெயரில் மற்றவர்களின் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்கிறார்கள். அதை வம்பு என்று ஆண்கள் சிரிப்பார்கள். சாமுவேலின் தாய் அன்னாள் ஆலயத்தில் உதடு மட்டும் அசைய வேண்டிக்கொண்டபோது, ஆசாரியன் ஏலி அவளைக் குடிகாரி என்று நினைத்தான். அவள் பேசாமல் எழுந்து போய்விடவில்லை. நான் குடித்திருக்கவில்லை, மனம் நொந்தவள் என்று அவன் முகத்துக்கு நேராகத் திருத்துகிறாள். அதற்குப் பிறகுதான் அவன் வாயிலிருந்து ஆசீர்வாதம் வருகிறது. அன்னாளின் ஜெபத்தைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் உண்டு. அந்தத் திருத்தத்தைப் பற்றி ஒன்றையும் நான் கேட்டதில்லை.

மறுபடி லூக்காவின் விதவைக்கு வந்தால், கதையில் ஒரு வெற்றிடம் இருக்கிறது. அவளுடைய வழக்கு என்ன என்று லூக்கா சொல்லவே இல்லை. எதிராளி யார் என்றும் இல்லை. கணவனின் தம்பியா, கடன்காரனா, சொந்த மகனா? உரையாசிரியர்கள் பலவாறு ஊகிக்கிறார்கள். ஒரு பெண்கள் ஐக்கியத்தில், பிரசங்கத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, அந்த வழக்கு எதுவாக இருந்திருக்கும் என்று சுற்றிலும் உட்கார்ந்திருப்பவர்களைக் கேட்டுப் பார்க்கலாம். பட்டா மாற்றித் தராத கொழுந்தன், திருப்பித் தராத நகை, நின்றுபோன விதவை உதவித்தொகை, அப்பா இறந்தபோது வெற்றுத்தாளில் வாங்கிய கையெழுத்து. யோசிப்பதற்கு அவர்களுக்கு அதிக நேரம் ஆகாது.